ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு வீட்டுச் சாவி!

இரவு பத்தரை மணி. நாடகம் முடிந்து திரை இறங்கிவிட்டது. பார்வையாளர்கள் கார் பார்க்கிங்கைப் பார்த்து நடக்கிறார்கள். சற்றுமுன் வரை மேடையில் ராணியாக இருந்தவர், கிரீடத்தைக் கழற்றி வைத்து, மேக்கப்பைத் துடைத்துவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வருகிறார். இது அவருடைய ஊர் இல்லை. அடுத்த வாரம் வேறு ஊர், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இன்று ராத்திரி அவர் எங்கே போய்ப் படுப்பார்?

ஹோட்டலில் என்றுதான் நினைப்போம். ஆனால், பிரிட்டனில் பல சமயம் இதற்குப் பதிலே வேறு. நாலு தெரு தள்ளி யாரோ ஒருவரின் வீட்டு மாடியில், வேலை கிடைத்து வெளியூர் போய்விட்ட மகளின் பழைய அறையில்!

வீட்டில் சும்மா கிடக்கும் அறையை, ஊர் ஊராக வரும் நாடகக் கலைஞர்களுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் பழக்கம் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. இதற்கு ‘தியேட்டர் டிக்ஸ்’ என்று பெயர். தங்குமிடத்தைக் குறிக்கும் ‘டிக்கிங்ஸ்’ என்ற 19-ம் நூற்றாண்டுப் பேச்சுவழக்குச் சொல்தான் சுருங்கி ‘டிக்ஸ்’ ஆகிவிட்டது. விளம்பரப் பலகை கிடையாது, ரிசப்ஷன் கிடையாது. ஒரு படுக்கை, ஒரு சாவி, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு.

கேட்பதற்கு ஏதோ சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் ஒரு நடிகரால் இந்தத் தொழிலில் நீடிக்க முடியுமா, முடியாதா என்பதையே சில நேரம் இந்த அறைதான் முடிவு செய்கிறது.

சம்பளம் ஒன்று, வாடகை இரண்டு

பிரிட்டன் நடிகர்களில் நிறைய பேர் லண்டனிலோ அதைச் சுற்றியோ வசிக்கிறார்கள். ஆடிஷன்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும் என்பதால் அந்த வீட்டை விட முடியாது. நாடகக் குழுவோடு டூர் கிளம்பினாலும் லண்டன் வீட்டு வாடகை மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். அதோடு, போகிற ஊரில் தங்குவதற்கும் பணம் வேண்டும்.

இதற்காகத்தான் டூர் நாட்களில் சம்பளத்தோடு தனியாக ஒரு படி தருகிறார்கள். 1930-ல் தொடங்கப்பட்ட ‘ஈக்விட்டி’ என்ற நடிகர் சங்கம், தயாரிப்பாளர்களோடு பேசி ஒப்பந்தம் போட்டு வாங்கித் தருகிற உரிமைகளில் இதுவும் ஒன்று. ஆனால், ரூம் தேடுவது பெரும்பாலும் நடிகரின் பொறுப்பு. கையில் வருவது குறிப்பிட்ட தொகை. ஹோட்டலில் தங்கினால் அது நாலு நாளில் காலியாகலாம். நியாயமான வாடகையில் ஒரு வீட்டு அறை கிடைத்தால், சாப்பாட்டுச் செலவு போகக் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம்.

வசதியான குடும்பத்துப் பிள்ளை என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை, அப்பா அம்மா பார்த்துக்கொள்வார்கள். பின்பலம் இல்லாமல், திறமையை மட்டும் நம்பி வந்தவருக்கு வாரா வாரம் இதுதான் தலைவலி. இந்தத் தலைவலி நடிகர்களோடு முடிவதும் இல்லை. மேடை நிர்வாகி, லைட் போடுபவர், உடைகளைத் துவைத்து இஸ்திரி போடுபவர், இசைக் கலைஞர் என்று திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெரிய கூட்டமும் இதே ‘டிக்ஸ்’களை நம்பித்தான் பெட்டியைக் கட்டுகிறது.

சாப்ளினும் ஒரு முயலும்

இப்படி அறை அறையாகத் தங்கி வளர்ந்தவர்களில் உலகத்துக்கே தெரிந்த ஒருவர் உண்டு. சார்லி சாப்ளின்!

1903-ல் ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ நாடகத்தில் பில்லி என்ற எடுபிடிப் பையன் வேடம் கிடைத்தபோது அவருக்கு வயது 14. அந்த நாடகத்தோடு பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். பகலெல்லாம் முன்பின் தெரியாத வீட்டின் பின்கட்டு அறையில் தனியாகக் கிடப்பது, ராத்திரி மேடை ஏறுவது என்றே நாட்கள் போயிருக்கின்றன. தனிமை தாங்காமல் ஒரு முயலை வாங்கி, வீட்டுக்காரம்மாக்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்து வளர்த்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார் சாப்ளின்.

காலைச் சாப்பாட்டோடு சிரித்தபடி உள்ளே வரும் வீட்டுக்காரம்மா, ‘என்னடா இது நாற்றம்’ என்று குழம்பிப்போய்த் திரும்புவாராம். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கூண்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள முயலைப் பழக்கியே வைத்திருந்தார் சாப்ளின். குட்டு வெளிப்பட்டுவிட்டால் அந்த வித்தையைச் செய்து காட்டுவார். பெரும்பாலான வீட்டுக்காரம்மாக்கள் மனம் இளகி, ‘சரி, இந்த ஒரு வாரம்தானே’ என்று விட்டுவிடுவார்கள்.

வேல்ஸ் பகுதியில் இருக்கும் டோனிபாண்டி ஊரில்தான் அது பலிக்கவில்லை. வித்தையைப் பார்த்த அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதிரியாகச் சிரித்தாராம். அன்று ராத்திரி நாடகம் முடிந்து வந்து பார்த்தால் முயலைக் காணோம். கேட்டதற்கு, ‘ஓடிப்போயிருக்கும், இல்லாவிட்டால் யாராவது திருடியிருப்பார்கள்’ என்று பதில் வந்திருக்கிறது!

படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால், 14 வயதுப் பையனுக்கு அந்த முயல்தான் துணை. வீட்டுக்காரம்மாவின் சுபாவம் எப்படியோ, அப்படித்தான் அந்த வாரமும் அமையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

விருந்தினர் புத்தகத்தில் ஒரு காக்கை

அந்தக் காலத்து டூர் ஒரு கடிகாரம்போல நடக்கும். திங்கள்கிழமை நாடகம் தொடங்கும், சனிக்கிழமை ராத்திரி முடியும், ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். வடக்கே, தெற்கே, மேற்கே என்று பல ரயில் பாதைகள் சந்திக்கும் க்ரூ ஜங்ஷனில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெவ்வேறு நாடகக் குழுக்கள் எதிரெதிரே பார்த்துக்கொள்ளும். அந்த பிளாட்பாரங்களில்தான் முக்கியமான தகவல்கள் கைமாறும். ‘எந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும்? எந்த வீட்டில் குளிர் தாங்காது?’ இன்றைய ஆன்லைன் ரிவ்யூவுக்கு அன்றைய பதிப்பு அது.

எழுத்திலும் ரிவ்யூ உண்டு. கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில் நாலு வரி எழுதச் சொல்லி நீட்டுவார்கள். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்கும்போது குறை எழுத முடியுமா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எட்கர் ஆலன் போ எழுதிய ‘தி ரேவன்’ கவிதையில் ஓர் அண்டங்காக்கை வரும். எதைக் கேட்டாலும், இனி எப்போதும் கிடையாது என்ற பொருள்படும் ஒரே சொல்லைத்தான் அது திருப்பித் திருப்பிச் சொல்லும். அந்தச் சொல்லை எழுதாமல், காக்கை பேசியதை மட்டும் புத்தகத்தில் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். ‘இந்த வீட்டுப் பக்கமே வராதீர்கள்’ என்பது அடுத்து வரும் நடிகருக்குப் புரிந்துவிடும். வீட்டுக்காரம்மாவோ, யாரோ கவிதை எழுதிப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பூரித்துப்போவார்! ‘என் நண்பர்களிடம் கட்டாயம் சொல்வேன்’ என்ற வரியும் அப்படித்தான். என்ன சொல்வார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்று அந்தப் புத்தகத்தின் இடத்தில் நாடக அரங்கங்களே வைத்திருக்கும் ‘டிக்ஸ் லிஸ்ட்’ இருக்கிறது. அறை விட விரும்புபவர் உள்ளூர் அரங்கத்தில் தன் விவரங்களைக் கொடுத்தால், வரப்போகும் குழுக்களுக்கு அந்தப் பட்டியல் போய்ச் சேரும். இதற்கென்றே தனி இணையதளங்களும் வந்துவிட்டன. ஆனால் ஒரு வீட்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது இன்றும் வாய்வழிச் சொல்தான். ஒரு நடிகை திருப்தியாகத் தங்கிவிட்டுப் போனால், அடுத்த மூன்று வருடங்களுக்கு அவருடைய தோழிகளே அந்த அறையை நிரப்பிவிடுவார்கள்.

திங்கள் முதல் ஞாயிறு வரை

நடிகர் என்றதும் விடிய விடியப் பாட்டும் கூத்துமாக இருப்பார் என்று பயப்படுபவர்கள் உண்டு. நடைமுறை அப்படியில்லை. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது பெரிய நாடகங்களில் சாதாரணம். தினம் ராத்திரி ஒன்று. வாரநாள் ஒன்றிலும் சனிக்கிழமையிலும் மதியக் காட்சி கூடுதல். பாடி ஆடி நடிப்பவருக்குத் தொண்டையும் தூக்கமும்தான் முதலீடு. வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் பார்ப்பார்.

ஆனால், அவருடைய ஒரு நாள் குடும்பத்தின் ஒரு நாளோடு ஒத்துப்போகாது. வீட்டில் எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் அவர் பசியோடு வருவார். மதியத்துக்கு மேல் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேடையில் பாட முடியாதே! பதினோரு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கலாமா, மைக்ரோவேவ் மட்டும்தானா என்பதை முதல் நாளே பேசிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. காலையில் வீடு பரபரப்பாக இருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ‘ஒன்பது மணி ஆச்சு, இன்னும் எழுந்திருக்கலையே’ என்று கதவைத் தட்டினால் அடுத்த முறை வேறு வீடு பார்த்துக்கொள்வார். அவர் ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஞாயிறு கிளம்பும் நாள். சாவி மேஜைக்குத் திரும்பும், படுக்கை விரிப்பு வாஷிங் மெஷினுக்குப் போகும், மறுநாள் இன்னொருவர் வருவார். டிசம்பர் மாதம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டன் முழுக்க ‘பான்டோமைம்’ எனப்படும் குடும்ப நாடகங்கள் நடக்கும். ஒத்திகையையும் சேர்த்தால் நவம்பர் இறுதியில் வருபவர் ஜனவரி தொடக்கம் வரை ஒரே ஊரில் இருப்பார். பெரும்பாலும் தினமும் இரண்டு காட்சிகள். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போய்வர நேரம் இருக்காது. அதனால் வாடகைக்கு வந்தவர் பண்டிகையன்று குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்டு.

அறை விடுபவர்களில் பிள்ளைகள் வளர்ந்து பறந்துவிட்ட தம்பதிகளும், தனியாக இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை ஒரு வருமானம். கூடவே, ராத்திரி கதவு திறக்கும் சத்தமும், ‘இன்னிக்கு ஷோ எப்படி?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும் இன்னொரு வருமானம். அதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

அறை விடுவதற்கு முன்...

பிரிட்டனில் சொந்த வீடு வாங்கிக் குடியேறிவிட்ட உறவினர் உங்களுக்கும் இருக்கலாம். அறை ஒன்று சும்மா கிடக்கிறது என்பவர் கவனிக்க வேண்டியவை இவை:

* தூரம்: அரங்கத்திலிருந்து நடந்து வரும் தூரம், அல்லது ராத்திரி 11 மணிக்கும் பஸ் இருக்கும் பாதை. தனியாக வரும் பெண் கலைஞர் முதலில் கேட்பது இதைத்தான். தெருவிளக்கு இல்லாத வழி என்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

* அறை: நல்ல மெத்தை, வெளிச்சத்தை முழுதாகத் தடுக்கும் திரைச்சீலை, உள்ளிருந்து பூட்டும் வசதி, ஹீட்டர், வைஃபை. ஃபிரிட்ஜிலும் அலமாரியிலும் ஒரு தட்டு காலியாக இருக்கட்டும்.

* பேசி முடிவு செய்ய வேண்டியது: சமையல், துணி துவைப்பது, குளியல் நேரம், புகை, மது, விருந்தாளிகள், வீட்டு நாய் பூனை. எல்லாவற்றையும் ஒரு மெசேஜில் எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

* அனுமதி: வீட்டுக் கடன் இருந்தால் வங்கியிடமும், வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் ஆள் வைத்தால், ஏதாவது நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

* பாதுகாப்பு: புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும். கேஸ் இணைப்பு இருந்தால் ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது கட்டாயம்.

* மரியாதை: ஓசி டிக்கெட் கேட்காதீர்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பல நேரம் அவரே கொண்டுவந்து தருவார்!

வரி எவ்வளவு?

இந்தப் பழக்கத்துக்கு அரசாங்கமே ஒரு சலுகை தருகிறது. 1992-ல் வந்த ‘ரென்ட் எ ரூம்’ திட்டப்படி, தான் வசிக்கும் வீட்டில் ஃபர்னிச்சர் போட்ட அறையை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. 2016 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 4,250 பவுண்ட்தான். கணவன் மனைவி போல இரண்டு பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 3,750 பவுண்ட். சாப்பாட்டுக்கோ துணி துவைப்பதற்கோ தனியாக வாங்கும் பணமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

7,500-ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 144 பவுண்ட். ஆனால், நாடக வாடகை வருடம் முழுக்க வராது. 30 வாரம்தான் ஆள் வருகிறார்கள் என்றால், வாரம் 250 பவுண்ட் வாங்கினாலும் வரம்பைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்.

ஸ்காட்லாந்தில் விதிமுறை வேறு. குறுகிய கால வாடகைக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 2022-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. தான் வசிக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் விடுபவருக்கும் இது பொருந்தும். எடின்பரோ போன்ற ஊர்களில் விசாரிக்காமல் இறங்கக் கூடாது.

கதவு மூடினால் என்ன ஆகும்?

எடின்பரோவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1947-ல் அங்கே சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து தாங்களாகவே இடம் பிடித்து நடித்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஃபிரிஞ்ச்’ விழா. இன்று ஒவ்வொரு ஆகஸ்ட்டும் உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்கள் அங்கே குவிகிறார்கள். அழைப்பு இல்லாதவருக்கும் அங்கே மேடை கிடைக்கும். ஆனால் படுக்க இடம்? அந்த மாதம் அறை வாடகை எகிறிவிடுகிறது. சுற்றுலாப் பயணி தரும் பணத்தை ஒரு புது நாடகக் குழுவால் தர முடியாது. மேடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படுக்கை மட்டும் பணம் இருப்பவருக்கு என்றாகிவிடும்போது, யார் நடிக்கலாம் என்பதையும் பணமே தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது.

கதவு மூடியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கின்றன. தோல் நிறத்தைப் பார்த்து ‘ரூம் இல்லை’ என்று சொன்ன வீடுகள் பிரிட்டனில் ஏராளம். அந்த அவமானத்துக்குக் கறுப்பின, ஆசியக் கலைஞர்களும் தப்பவில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வசிக்கும் உரிமையாளருக்கு, யாரை வைத்துக்கொள்வது என்பதில் இன்றைய சமத்துவச் சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால், இனத்தைக் காரணம் காட்டி மறுக்க மட்டும் அந்த விலக்கு கிடையாது.

பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு மூடல். கொரோனாவால் 2020 மார்ச் 16 அன்று லண்டனின் நாடக அரங்கங்கள் விளக்கை அணைத்தன. மற்ற ஊர்களும் தொடர்ந்தன. முழு அரங்கத்துக்கு ஆள் அமர்த்தத் தடை விலகியது இங்கிலாந்தில் 2021 ஜூலையில்தான். டூர் நின்றதும் அறைகளும் காலி. வெளியாள் வீட்டுக்குள் வருவதே ஆபத்து என்றிருந்த அந்த நாட்களில், வயதான வீட்டுக்காரர்களுக்கு வருமானமும் போனது, வந்துபோகும் முகங்களும் போயின.

அறை விடுபவர் ஒருவர் ‘வயசாச்சு, இனிமேல் முடியாது’ என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அது செய்தியாக வராது. சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று இன்னொருவர் மாறிக்கொண்டால், அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. ஆனால், இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் சின்ன ஊருக்கு நாடகம் வருவதே தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. லண்டனுக்குப் போய்ப் பார்க்க வசதி இல்லாத குழந்தைக்கு, தன் ஊர் அரங்கில் முதல் நாடகத்தைப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

ஒரு நாடகத்துக்கு உதவியவர்கள் என்று அரங்க வாசலில் பெரிய எழுத்தில் பல பெயர்கள் இருக்கும். வங்கி இருக்கும், அறக்கட்டளை இருக்கும். மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி, புது விரிப்பு போட்டு, ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தவரின் பெயர் அதில் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை அந்த ஊரில் திரை விலக அவரும் ஒரு காரணம்.